தீர்ப்பு வந்த பிறகும் நடந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்காமரி நகரில், பேருந்தில் தங்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்துக் கருப்பின மக்கள் 1955-56-ல் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 381 நாள் ஜனங்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள், சரி. ஆனால் பேருந்தில் நிறப்பாகுபாட்டை ஒழித்தது நான்கு பெண்கள் போட்ட வழக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்தானே? நடக்காவிட்டாலும் அது வந்திருக்கும் இல்லையா?

கதிரவன், ஈரோடு

அன்புள்ள கதிரவன்,

சட்டத்தை ரத்து செய்தது தீர்ப்புதான். ஆனால் தீர்ப்பே போதுமென்றால் விஷயம் 1946-லேயே முடிந்திருக்கும். மாநில எல்லை தாண்டும் பேருந்துகளில் ஆளைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் அப்போதே சொல்லிவிட்டது. 1961-ல் அதை நம்பிக் கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து போன பேருந்தை அதே அலபாமாவில் கொளுத்தினார்கள்.

மாண்ட்காமரியில் பேருந்தில் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் கருப்பின மக்கள். அவர்கள் இறங்கியதும் பஸ் கம்பெனி ஆட்டம் கண்டது. 1956 ஏப்ரலிலேயே, இனி யாரையும் பிரித்து உட்கார வைக்கப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டது. நகர நிர்வாகம்தான் நீதிமன்றம் போய் அதைத் தடுத்தது. இத்தனைக்கும் போராடியவர்கள் ஆரம்பத்தில் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். டிரைவர்கள் மரியாதையாகப் பேச வேண்டும், கருப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்துமாக முதலில் வந்தவர் முதலில் உட்கார வேண்டும், கருப்பின மக்கள் அதிகம் போகும் வழித்தடங்களில் கருப்பின டிரைவர்களை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே மாட்டேன் என்றதால் வந்த வினை இது.

ஜார்ஜியா கில்மோர் என்றொரு சமையல்காரம்மா. தோழிகளோடு கோழி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்று, காசைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தப் பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’. எனக்குப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சை விட இந்தப் பெயர்தான் மனதில் நிற்கிறது. அந்தக் காசெல்லாம் பேருந்துக்குப் பதிலாக ஜனங்களை ஏற்றிப்போன கார்களின் பெட்ரோலுக்கு.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு 1956 நவம்பர் 13 அன்று வந்தது. அன்றைக்கே உள்ளூர் நீதிமன்றம் அந்தக் கார்களுக்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவு ஊருக்கு வந்து சேர்ந்ததோ டிசம்பர் 20-ல். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் பேருந்து பெரும்பாலும் காலியாகத்தான் ஓடியது. ஜெயித்தாயிற்று என்று யாரும் ஏறிவிடவில்லை. அக்கம்பக்கத்தில் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டும், மீதித் தூரம் நடந்தும் வேலைக்குப் போனார்கள்.