உள்ளங்கை ஆரஞ்சு நிறமானது மஞ்சள் காமாலையா?

கேள்வி: இருபது வருடங்களாக இங்கிலாந்தில் இருக்கிறோம். என் மகன் மணக்கப்போகும் பெண் ஆங்கிலேயப் பெண். ஜூலையில் கல்யாணம். வெளிறிப்போய்த் தெரிகிறேன் என்று சொல்லி, ஆன்லைனில் தோலை மாநிறமாக்கும் டேனிங் மாத்திரை வாங்கி ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறாள். 30 மில்லிகிராம் மாத்திரை, தினமும் இரண்டு. போன வாரம் பார்த்தால் உள்ளங்கையெல்லாம் ஆரஞ்சு. மஞ்சள் காமாலையோ என்று பயந்துவிட்டேன். "காளானிலும் மீனிலும் இருக்கும் இயற்கைப் பொருள்தான்" என்கிறாள். டப்பாவில் கான்தாக்சாந்தின் என்று போட்டிருக்கிறது. இது ஆபத்தா? நான் சொன்னால் மாமியார் அதிகாரம் என்று நினைத்துவிடுவாளோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: வணக்கம் அம்மா. முதலில் அவளுடைய கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காமாலை என்றால் அங்கேதான் முதலில் மஞ்சள் தெரியும். கண் வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் ஆரஞ்சாக இருந்தால் அது பெரும்பாலும் மாத்திரையின் சாயம். கண்ணும் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மாத்திரையால் கல்லீரல் அழற்சி வந்ததாகவும் பதிவுகள் உண்டு.

'சாயம்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். வெயிலில் நின்றால் தோல் கறுப்பது மெலனின் என்ற நிறமி கூடுவதால். இந்த மாத்திரை மெலனினைத் தொடுவதே இல்லை. கான்தாக்சாந்தின், காரட்டில் இருக்கும் கரோட்டினுக்கு உறவுக்காரப் பொருள். ரத்தத்தில் கலந்து, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் போய்ப் படிகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது அது மாநிறம் போலத் தெரிகிறது. மலம்கூடச் செங்கல் நிறத்தில் போகும். இதனால் வெயிலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. தோல் கறுத்துவிட்டதே என்று நம்பிச் சன்ஸ்கிரீன் போடாமல் கடற்கரையில் படுத்தால், வெளிறிய தோல் வெந்துபோவது போலவே வெந்துபோகும்.

இயற்கைப் பொருள் என்று அவள் சொல்வதில் பொய் இல்லை. சில காளான்களில் இருக்கிறது, ஃபிளமிங்கோ பறவையின் சிவப்பிலும் இதற்குப் பங்கு உண்டு. உணவுக்கு நிறமேற்றவும் மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கும் தினசரி அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். அவள் 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 1.8 மில்லிகிராம். அவள் விழுங்குவது 60. முப்பது மடங்குக்கும் மேல்! உணவில் சேர்க்க அனுமதி தந்த அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தோலுக்கு நிறமேற்றும் மாத்திரையாக இதை அனுமதிக்கவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது கண். இந்தப் பொருள் விழித்திரைக்கும் போகிறது. பார்வையின் கூர்மை இருக்கும் நடுப்பகுதியைச் சுற்றி, தங்கத் துகள் தூவியது போல மின்னும் படிகங்களாகத் தங்குகிறது. 1980களின் தொடக்கத்திலேயே கண் மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். பலருக்குப் பார்வை குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் சிலருக்கு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக நேரமாகிறது, எதிரே வரும் விளக்கு கூசுகிறது. மாத்திரையை நிறுத்தினால் தோலின் நிறம் சில வாரங்களில் மங்கிவிடும். கண்ணில் படிந்தது கரையப் பல வருடங்கள் ஆகும். இந்தக் கண் பிரச்சினையை எண்ணித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் மீனுக்கும் கோழிக்கும் போடும் தீவனத்தில்கூட இதன் அளவைக் குறைத்தது. மீன் வழியாக வருவதற்கே அவ்வளவு யோசித்தார்கள்.

அப்புறம் ரத்தம். 1990இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், நிறத்துக்காக இந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஓர் இளம்பெண், ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்ததைப் பற்றிய அறிக்கை வந்தது. ஒரே ஒருவருக்கு நடந்ததை வைத்து, மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அழகுக்காகச் சாப்பிடும் ஒன்றில் அந்தச் சந்தேகமே எனக்குப் போதும். வயிற்றுவலி, வாந்தி, பேதி, அரிப்பு எல்லாம் இதற்குப் பக்கத்தில் சின்ன விஷயங்கள்.

ஆகவே இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தேவையில்லை. குடும்ப மருத்துவரான ஜிபியிடம் அந்த டப்பாவையே எடுத்துப் போகட்டும். முழு ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஐந்து வாரம் பெரிய காலமில்லை, பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். கண் பரிசோதகரிடம் விழித்திரையைப் படமெடுத்துப் பார்ப்பது நல்லது. அவளுக்குக் கண் அழுத்தம் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போவது, ஈறில் ரத்தம், விடாத காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விட்டவர்கள் அடுத்துத் தேடிப்போவது மெலனோட்டான் ஊசி, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. உங்கள் ஊரில் ஜிம்மிலும் அழகு நிலையத்திலும் கைமாறுகிறது. இது மெலனினை உண்மையாகவே தூண்டும். ஆனால் உரிமம் இல்லாத பொருள், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மச்சங்கள் கறுத்து உருமாறுவதும் நடக்கிறது. மச்சம் மாறுவதுதான் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு நாங்கள் தேடும் முதல் அடையாளம். வெளிறிய தோல்காரர்களுக்கு அந்த நோய் அதிகம் வரும் என்பதால் இதில் விளையாடவே வேண்டாம். புற ஊதா விளக்கின் கீழ் படுத்துத் தோலைக் கறுக்க வைக்கும் டேனிங் படுக்கையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009இலேயே அதைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். நிறத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் சிவப்பாக வேண்டும் என்று குளூட்டாதயோன் மாத்திரை வாங்குகிறார்கள், இவள் கறுக்க வேண்டும் என்று இதை வாங்குகிறாள். இரண்டு பேரும் பட்டிருப்பது ஒரே காயம்தான், அதைத் தொட வேண்டாம். "உன் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, நானும் கூட வருகிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் அதை யாரும் அதிகாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

கல்யாணத்தன்று மாநிறமாகத் தெரியத்தான் வேண்டும் என்றால் மேலே பூசும் லோஷன் இருக்கிறது. அதில் இருக்கும் டிஹெச்ஏ என்ற பொருள் தோலின் இறந்த மேலடுக்கை மட்டும் பழுப்பாக்கும், ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஸ்பிரேயாக அடித்தால் கண்ணையும் வாயையும் மூடிக்கொள்ளட்டும், மூச்சில் இழுக்கக் கூடாது. இரண்டு வாரம் முன்பே கையில் சிறிய இடத்தில் பூசிப் பார்க்கட்டும். பூசியதும் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் அதே ஆரஞ்சுதான். சன்ஸ்கிரீனை அதற்கும் மேலே போட வேண்டும்.