சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு ஆகாது

கேள்வி: எனக்கு வயது 23. செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பத்து நாளைக்கு முன்பு, கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவர் வேண்டுமென்றே என் மீது கை வைத்தார். சத்தம் போட்டதும் பயணிகள் அவரைப் பிடித்து ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். போலீசார் அவரை எச்சரித்து அனுப்பிவிட்டு, என் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்தார்கள். வாசலில் நின்ற ஒருவர், "கேஸ் என்றால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும். 3,000 ரூபாய் கொடுங்கள், அவனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். ரசீதே போதுமா?

வழக்கறிஞர் பதில்:

போதாது. உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டுதான் அது. எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு தொடங்கும். என்னிடம் வரும் பெண்களில் பலர் சி.எஸ்.ஆரைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, "கேஸ் கொடுத்துவிட்டேன் மேடம்" என்பார்கள். அப்படி நம்பவைத்து அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

உங்களுக்கு நடந்தது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் வரும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. எச்சரித்து அனுப்புவதற்கு அது சில்லறைத் தகராறு இல்லை. இந்தப் பிரிவில் வரும் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கே 199ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதச் சிறை உண்டு. "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்ற பதிலும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், பிறகு அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் போலீஸ்தான் எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

புகார் வந்ததும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்பதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைச் சொல்லித்தான் இப்போது நிறையப் பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவின்படி, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். போடும் முன் போலீசார் ஆரம்ப விசாரணை நடத்தலாம். ஆனால் அதற்கு டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். கமிஷனரேட் பகுதி என்றால் உதவி ஆணையர். விசாரணையை 14 நாளில் முடித்தாக வேண்டும். அதாவது "விசாரிக்கிறோம்மா, போய் வாங்க" என்று இன்ஸ்பெக்டர் வாயால் சொல்வது இந்த விலக்கு ஆகாது. "ஆரம்ப விசாரணைக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா, எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அப்படி ஒரு விசாரணையே நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். பதிவதற்கு முன் விசாரித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அடுத்து, ஸ்டேஷனில் கொடுத்த மனுவின் நகலை எடுத்துப் படித்துப் பாருங்கள். யார் எழுதியது? வாசலில் எழுதித் தருகிறவர்கள் "பேருந்தில் ஏற்பட்ட தகராறு", "தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதிவிடுவார்கள். கூச்சத்தில் நாமும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தத் தகராறு என்ற ஒரு சொல்லே 74ஆம் பிரிவை இல்லாமல் ஆக்கிவிடும். எந்த இடத்தில் கை வைத்தார், எத்தனை முறை, நீங்கள் விலகிய பிறகும் தொடர்ந்தாரா என்பதை உங்கள் கையாலேயே பச்சையாக எழுதுங்கள். அந்தப் புதிய மனுவோடு பழைய சி.எஸ்.ஆர். எண்ணையும் சேருங்கள். சம்பவத்தன்றே நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. அந்த ரசீதால் கிடைக்கும் பயன் இதுதான். அப்போதும் பதியாவிட்டால் அதே மனுவை எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அந்த 3,000 ரூபாய் ஆளிடம் இனி போனில்கூடப் பேசாதீர்கள். இவர்களை நான் பல ஸ்டேஷன் வாசல்களில் பார்த்திருக்கிறேன். உங்களிடம் மூவாயிரம் வாங்குகிறவர் அந்தப் பக்கம் இன்னும் அதிகமாக வாங்குவார். மன்னிப்புக் கடிதம் என்ற பெயரில் "எனக்கு மேல் நடவடிக்கை தேவையில்லை" என்ற வரியில் உங்கள் கையெழுத்தும் வாங்கிவிடுவார். ஆறு மாதம் கழித்து அதே பஸ்ஸில் அதே ஆள் நிற்பான். கட்சிக்காரர், வக்கீல் குமாஸ்தா, "எஸ்.ஐ. நமக்கு வேண்டியவர்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். சமரசம் பேசி முடிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் குற்றங்களில் 74ஆம் பிரிவு இல்லை. "பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் பயமுறுத்துவார்கள். பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. வக்கீல் வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100-ல் கூப்பிட்டும் கேட்கலாம்.

கண்டக்டர் பெயர் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம். அன்றைக்கு வாங்கிய கட்டணமில்லா டிக்கெட் பையில் கிடக்கிறதா பாருங்கள். காசு கொடுக்காததால் பெண்கள் அதை இறங்கியதும் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பஸ், எந்த நேரம் என்று காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது. சென்னை மாநகரப் பேருந்துகளில் 2022 முதல் கேமராவும் அவசர பட்டனும் பொருத்தி வருகிறார்கள். கேமராப் பதிவு வெகுநாள் இருக்காது, மேலே மேலே பதிவாகி அழிந்துவிடும். பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது. தேதி, வழித்தடம், நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லி டிப்போ மேலாளருக்கு இன்றைக்கே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு நாளைக் காலை போகலாம்.