ஆஸ்டினுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

லண்டனில் வசிக்கிறோம். என் மகனும் நண்பர்கள் மூவரும் நான்கு ஆண்டுகளாக ஒரு ராக் குழு நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் பிள்ளைகளின் சொந்தச் செலவு. நால்வரின் சேமிப்பும் கரைந்துவிடும். "ஒரு பெரிய கம்பெனிக்காரர் கண்ணில் பட்டால் போதும், அம்மா" என்கிறான். தடுக்க மனமில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லண்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

அழைப்பு வந்ததே பெரிய விஷயம். மகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் "கண்ணில் பட்டால் போதும்" என்கிறானே, அதை மட்டும் நம்பிப் போகவேண்டாம்.

2010களில் அந்த விழாவுக்கு ஓராண்டில் 2,000க்கும் மேற்பட்ட குழுக்கள் வந்தன. ஒரே நேரத்தில் ஊரெங்கும் மேடைகள். கச்சேரி முகவர்களும் மற்ற விழாக்களின் அமைப்பாளர்களும் யார் யாரைப் பார்ப்பது என்று கிளம்பும்போதே பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அதில் இல்லாத குழு வாசிக்கும் வாசலை அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பிரைட்டனின் கிரேட் எஸ்கேப் விழாவில், ஒரு மதுக்கூடத்தில் நின்றிருந்தேன். கடல் கடந்து வந்திருந்த ஒரு குழு. கேட்க என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்த கையோடு டிரம்ஸ் வாசித்த பெண் தட்டுகளைக் கழற்றத் தொடங்கினாள், அடுத்த குழு பெட்டிகளோடு படியில் காத்திருந்தது. மோசமாக வாசித்திருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹான்சன் சகோதரர்களின் கதையை உங்கள் மகன் சொல்லக்கூடும். 1994இல் மூன்று சிறுவர்கள் ஆஸ்டினில் விழாவுக்கு வந்தவர்களிடம் நேரில் போய்ப் பாடிக் காட்டி ஒரு மேலாளரைப் பிடித்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் ஊர் ஓக்லஹோமாவின் டல்சா. காரிலேயே வந்துவிடலாம். பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2007இல் அங்கே பாடியபோதோ, அவருடைய இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் ஏற்கெனவே வெற்றி பெற்றிருந்தது. அவரைப் பார்க்கத்தான் கூட்டமே வந்தது.

பணத்துக்கு வருகிறேன். இசைக்கலைஞர்களின் சங்கம் போராடிய பிறகு, 2024இல் ஆஸ்டின் விழா ஒரு குழுவுக்குத் தரும் தொகை 250 டாலரிலிருந்து 350 ஆனது. வெளிநாட்டுக் குழுக்களுக்கு அதுவும் இல்லை, அரங்குகளுக்குள் நுழையும் கைப்பட்டைதான் கொடுத்துவந்தார்கள்.

விசாவை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். 2017இல் சோவியத் சோவியத் என்ற இத்தாலியக் குழு, விசா இல்லாமல் நுழையும் இணைய அனுமதியோடு சியாட்டிலில் இறங்கியது. சம்பளம் வாங்காமல் வாசிக்க அது போதும் என்று நம்பியிருந்தார்கள். அதிகாரிகள் ஏற்கவில்லை. ஓர் இரவு காவலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலைஞர்களுக்கான முறையான பி (P) விசாவுக்கான மனுக் கட்டணமோ 460 டாலராக இருந்தது, 2024 ஏப்ரலில் 1,615 வரை உயர்ந்துவிட்டது. அந்த விசா இருந்தால்தான் டாலஸ், ஹூஸ்டன் என்று நாலு கட்டணக் கச்சேரிகளையும் சேர்த்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் ஒரே ஒரு குறுகிய நிகழ்ச்சிக்காக அட்லாண்டிக்கைத் தாண்டுகிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்றிரவே மகனை உட்காரவைத்து, ஆஸ்டினில் அவர்கள் வாசிப்பதைக் கேட்க வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். ஒரு அமெரிக்க முகவர், அவர்கள் பாட்டை ஒலிபரப்பும் ஒரு கல்லூரி வானொலிக்காரர், யாராக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று பெயர் சொன்னான் என்றால் தாராளமாக அனுப்புங்கள். வெளிநாட்டு விழாவுக்கு அழைப்புப் பெற்ற பிரிட்டிஷ் கலைஞர்களுக்கென்றே பிஆர்எஸ் அறக்கட்டளையில் ஒரு நிதி இருக்கிறது. அதற்கும் விண்ணப்பிக்கட்டும்.

ஒரு பெயரும் இல்லை என்றால், இந்த ஆண்டு வேண்டாம். ஜனவரியில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் நடக்கும் யூரோசோனிக்கிற்கு ஐரோப்பிய விழா அமைப்பாளர்கள் குழுக்களைத் தேடிக்கொண்டே வருகிறார்கள். செப்டம்பரில் ஹாம்பர்க்கில் ரீப்பர்பான் விழா இருக்கிறது. இரண்டுக்கும் வேனில் போய்வரலாம். மே மாதம் பிரைட்டனில் நான் சொன்ன கிரேட் எஸ்கேப் இருக்கிறது, விக்டோரியாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கே இடம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், நான் வந்து முன்வரிசையில் நிற்கிறேன்.