பயிர் வைரஸ் எந்த வழியாகப் பரவியது என்பதை மரபணு வரிசை எப்படிக் காட்டுகிறது?

வைரஸின் மரபணு, நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட தொடர். அதை எழுத்தெழுத்தாகப் படித்தெடுப்பதுதான் மரபணு வரிசையாக்கம். செடிக்குள் பெருகும்போது வைரஸ் தன்னை நகலெடுக்கிறது. அவ்வப்போது ஓர் எழுத்து மாறிவிடும். ஏடு பார்த்து எழுதியவர் விட்ட பிழை, அந்தப் படியைப் பார்த்து எழுதிய எல்லாப் படிகளிலும் தொடருமே, அதுபோல இந்த மாற்றமும் வழிவழியாக வரும். ஒரே மாற்றங்களைச் சுமக்கும் வைரஸ்கள் நெருங்கிய உறவு.

மரவள்ளித் தேமல் நோயைப் பாருங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அறியப்பட்டிருந்த 'ஸ்ரீலங்கா மரவள்ளித் தேமல் வைரஸ்', 2015-இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் தென்பட்டது. வரிசையைப் படித்ததால்தான் அது இன்ன வைரஸ் என்று உறுதியானது. சில ஆண்டுகளிலேயே வியட்நாம், தாய்லாந்து என்று பரவிவிட்டது. பக்கத்து வயலுக்கு வெள்ளை ஈ கடத்தும். நெடுந்தொலைவு போவது பெரும்பாலும் நோயுற்ற கரணையோடுதான், அதாவது நடுவதற்கு வெட்டியெடுக்கும் தண்டுத் துண்டோடுதான். அதனால் பூச்சிமருந்தைவிட நோயற்ற கரணைக்குச் செலவிடுவதே மேல் என்பேன்.

இரண்டு ஊர் வைரஸ்கள் ஒத்திருந்தாலே ஒன்றிலிருந்துதான் மற்றதற்கு வந்தது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். மாதிரியே எடுக்காத மூன்றாவது ஊரிலிருந்து இரண்டுக்கும் வந்திருக்கலாம்.