கேரக்டர் படிகள் ஒரு குலத்தைப் பற்றி எவ்வளவு சொல்லும்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். முதுகலை முதலாண்டில் சைலோ தேற்றங்கள் வரை படித்திருக்கிறேன். கேரக்டர் படி என்பது என்ன? சில எண்களை வைத்துக்கொண்டு ஒரு குலத்தின் உள்ளமைப்பை எப்படி அறிய முடியும்?

பதில்: வணக்கம். குலம் என்பது பெருக்கவும் நேர்மாறு எடுக்கவும் கூடிய உறுப்புகளின் கணம். முடிவுறு குலம் ஒன்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் கலப்பெண்களாலான ஒரு சதுர அணியை, உறுப்புகளைப் பெருக்கும்போது அணிகளும் அதேபடி பெருகும் வகையில் ஒதுக்குங்கள். ஒவ்வோர் அணியிலும் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் கிடைக்கும் சார்புதான் கேரக்டர். அணியின் நிரைகளின் எண்ணிக்கையே அதன் படி. வேறு கேரக்டர்களின் கூட்டலாகப் பிரிக்க முடியாதவற்றை மட்டும் இங்கே கணக்கில் கொள்வோம். அவற்றின் படிகள் மூன்று விதிகளுக்குக் கட்டுப்பட்டவை: படிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் குலத்தின் உறுப்பு எண்ணிக்கை வரும், ஒவ்வொரு படியும் அந்த எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும், படி 1 உடைய கேரக்டர்கள் எத்தனையோ, அத்தனை உறுப்புகள் கம்யூட்டேட்டர் உட்குலத்தால் (xyx⁻¹y⁻¹ வடிவ உறுப்புகளால் உருவாகும் உட்குலம்) வகுத்துக் கிடைக்கும் ஈவுக் குலத்தில் இருக்கும்.

இந்த மூன்றே போதும் என்ற நிலையும் உண்டு. எபீலியன் (பெருக்கும் வரிசை மாறினாலும் விடை மாறாத குலம்) அல்லாத, 21 உறுப்புகள் கொண்ட குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21-ஐ வகுக்கும், வர்க்கம் 21-ஐத் தாண்டாத எண்கள் 1, 3 மட்டுமே. படி 3 வராமலே போனால் குலம் எபீலியனாகிவிடும். படி 3 ஒருமுறை வந்தால் படி 1 பன்னிரண்டு முறை வர வேண்டும். அந்த எண்ணிக்கை ஓர் ஈவுக் குலத்தின் அளவு என்பதால் 21-ஐ வகுக்க வேண்டும்; 12 வகுக்காது. ஆகவே 3 இருமுறை வரும், 1 மூன்று முறை வரும். குலத்தின் பெருக்கல் அட்டவணையைத் திறக்காமலேயே 1, 1, 1, 3, 3 என்று எழுதிவிட்டோம்.

கேள்வி: படிகளைக் குலத்தின் அமைப்போடு இணைக்கும் தேற்றங்களுள் எதை முதன்மையானதாகக் கருதுகிறீர்கள்?

பதில்: தயக்கமின்றி இட்டோ–மிக்லர் தேற்றத்தைச் சொல்வேன். ஒரு பகா எண் எந்தப் படியையும் வகுக்கவில்லை என்றால், அந்தப் பகா எண்ணுக்கான சைலோ உட்குலம் (குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை வகுக்கும் அப்பகா எண்ணின் மிகப் பெரிய அடுக்கு எதுவோ, அத்தனை உறுப்புகள் கொண்ட உட்குலம்) நார்மல் உட்குலமாகவும் (அதனால் வகுத்து ஈவுக் குலம் எடுக்க முடிவது) எபீலியனாகவும் இருக்கும்; மறுதலையும் உண்மை. மறுதலை எளிது: எபீலியன் நார்மல் உட்குலம் ஒன்றின் குறியெண்ணை (குலத்தின் அளவை உட்குலத்தின் அளவால் வகுத்த ஈவு) ஒவ்வொரு படியும் வகுக்கும் என்ற இட்டோவின் முடிவிலிருந்து அது உடனே வந்துவிடும். எதிர்த்திசைதான் கடினமானது. தீர்க்கத்தக்க (எபீலியன் அடுக்குகளாக உரிக்கக்கூடிய) குலங்களுக்கு அதை நோபோரு இட்டோ 1951-இல் நிறுவினார். எல்லாக் குலங்களுக்கும் கெர்ஹார்ட் மிக்லர் 1986-இல் நிறுவியபோது முடிவுறு எளிய குலங்களின் (சமனியும் முழுக் குலமும் தவிர வேறு நார்மல் உட்குலம் இல்லாதவை) வகைப்பாட்டையே துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய கூற்றுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் நிற்கின்றன என்பது எனக்கு இன்றும் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

இதற்கு இணையாக ஜான் தாம்சனின் 1970-ஆம் ஆண்டுத் தேற்றத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1-ஐவிடப் பெரிய ஒவ்வொரு படியையும் ஒரு பகா எண் வகுத்தால், குலத்தின் உறுப்பு எண்ணிக்கையிலிருந்து அந்தப் பகா எண்ணின் காரணிகள் அனைத்தையும் நீக்கினால் எஞ்சும் அளவுள்ள ஒரு நார்மல் உட்குலம் இருக்கும். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரட்டைப்படை எண்ணிக்கையிலான இருபொருள் இடமாற்றங்களால் கிடைப்பவை) பன்னிரண்டும் சேர்ந்த குலத்தின் படிகள் 1, 1, 1, 3. இவற்றில் எதையும் 2 வகுக்கவில்லை. எனவே நான்கு உறுப்புகள் கொண்ட சைலோ உட்குலம் நார்மல் என்கிறது இட்டோ–மிக்லர். 1 அல்லாத ஒரே படியை 3 வகுக்கிறது. எனவே அதே நான்கு உறுப்புகள் நார்மல் உட்குலம் என்கிறது தாம்சன் தேற்றம். வேறு வேறு வழியில் வந்த இருவரும் ஒரே உட்குலத்தைச் சுட்டுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. நான்கு பொருள்களின் எல்லா வரிசைமாற்றங்களும் சேர்ந்த, 24 உறுப்புகள் கொண்ட குலத்தின் படிகள் 1, 1, 2, 3, 3. இங்கே 3 ஒரு படியை வகுக்கிறது. மூன்று உறுப்புகளே உள்ள சைலோ உட்குலம் எபீலியனாகத்தான் இருக்க முடியும் என்பதால், அது நார்மல் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். 2-க்கு அப்படிச் சொல்ல இயலாது. எட்டு உறுப்புகள் கொண்ட சைலோ உட்குலத்தில் இரண்டு பண்புகளுள் ஏதோ ஒன்று தவறுகிறது என்பதற்கு மேல் இத்தேற்றம் எதையும் உரைப்பதில்லை.

கேள்வி: வெவ்வேறான படிகள் எத்தனை என்பதை மட்டும் அறிந்தால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஒன்றே என்றால் எபீலியன் குலம். இரண்டு என்றால் கம்யூட்டேட்டர் உட்குலம் எபீலியன். மூன்று என்றால் தீர்க்கத்தக்கது. இது மார்ட்டின் ஐசக்ஸின் முடிவு. நான்கில் இந்த உறுதி போய்விடும்: 60 உறுப்புகள் கொண்ட மிகச் சிறிய எபீலியன் அல்லாத எளிய குலத்தின் படிகள் 1, 3, 3, 4, 5. தீர்க்கத்தக்க குலத்தை எபீலியன் அடுக்குகளாக உரிப்பதற்குத் தேவைப்படும் படிநிலைகள், வெவ்வேறான படிகளின் எண்ணிக்கையை மிஞ்சா என்ற ஊகம் பொதுநிலையில் இன்னும் நிறுவப்படவில்லை. மேலே சொன்ன 24 உறுப்புக் குலத்தில் இரண்டும் சரியாக மூன்றே.

கேள்வி: படிகள் முழுவதும் கையில் இருந்தால் குலம் இன்னதென்றே சொல்லிவிடலாமா?

பதில்: பொதுவாக முடியாது. சதுரத்தின் சமச்சீர்கள் எட்டும் ஒரு குலம். குவாட்டர்னியன் அலகுகள் (±1, ±i, ±j, ±k) எட்டும் மற்றொரு குலம். இரண்டுக்கும் படிகள் 1, 1, 1, 1, 2. கேரக்டர்களின் மதிப்புகளைப் பட்டியலிடும் கேரக்டர் அட்டவணையே ஒன்றுதான். ஆனால் வர்க்கம் சமனியாகும், சமனி அல்லாத உறுப்புகள் முன்னதில் ஐந்து, பின்னதில் ஒன்று.

எந்தப் படி எத்தனை முறை வருகிறது என்பதும் தெரிந்தால், குலம் நில்பொட்டென்ட்டா (சைலோ உட்குலங்கள் எல்லாம் நார்மலா) என்பதைத் தீர்மானிக்கலாம் என்று ஐசக்ஸ் 1986-இல் காட்டினார். அந்த எண்ணிக்கையை மறைத்துவிட்டால் இது இயலாது: மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலமும் குவாட்டர்னியன் குலமும் 1, 2 என்ற ஒரே கணத்தைத் தருகின்றன, பின்னது மட்டுமே நில்பொட்டென்ட். எளிய குலங்களின் நிலை வேறு. எபீலியன் அல்லாத எளிய குலம் ஒன்றின் படிக்கணத்தையே ஒரு குலம் பெற்றிருந்தால், அது அந்த எளிய குலமும் ஓர் எபீலியன் குலமும் சேர்ந்த நேர்ப் பெருக்கமாகவே இருக்க வேண்டும் என்று பெர்ட்ராம் ஹுப்பர்ட் ஊகித்தார்; 60 உறுப்புக் குலத்துக்கு அது உண்மை.

கேள்வி: மெக்கே ஊகத்தைச் சுருக்கமாக விளக்குவீர்களா?

பதில்: ஒரு பகா எண்ணால் வகுபடாத படியுடைய கேரக்டர்களின் எண்ணிக்கை, குலத்துக்கும் அதன் சைலோ உட்குலத்தின் நார்மலைசருக்கும் (அந்தச் சைலோ உட்குலம் நார்மலாக அமையும் மிகப் பெரிய உட்குலம்) ஒன்றே என்பதுதான் அது. பகா எண் 2-ஐ எடுத்தால், 60 உறுப்புக் குலத்தில் ஒற்றைப்படைப் படிகள் 1, 3, 3, 5 என நான்கு. நார்மலைசர் மேலே கண்ட 12 உறுப்புக் குலம், அதிலும் 1, 1, 1, 3 என நான்கு. 2023-இல் பிரிட்டா ஷ்பேத்தும் மார்க் கபானும் முழு நிறுவலை அறிவித்தனர்.

கேள்வி: இவற்றைக் கணினியில் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: ‘கேப்’ என்னும் இலவச மென்பொருள் படிகளையும் அவை வரும் எண்ணிக்கையையும் நேரடியாகவே தரும். 24 உறுப்புகள் கொண்ட குலங்கள் 15. அனைத்தையும் ஓட்டிப் பாருங்கள். இரட்டைப்படைப் படி ஒன்றுகூட இல்லாதவை நான்கே: எபீலியன் குலங்கள் மூன்று, 12 உறுப்பு இரட்டை வரிசைமாற்றக் குலத்தை இரண்டு உறுப்புக் குலத்தோடு பெருக்கியது ஒன்று. அந்த நான்காவதில் 1 ஆறு முறையும் 3 இருமுறையும் வரும்.