நிக்கல் வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளையும் ஓர் அம்மாவின் கவலையும்

"நாலு வருஷம் படிக்க வைத்த பிறகு நிக்கல் விலை விழுந்துவிட்டால் என் பையன் என்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. நியாயமான பயம்தான். மின்வாகன பேட்டரியைப் பற்றிக் கேள்விப்பட்டு அவனுக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. ஆனால் உலகில் வெட்டியெடுக்கும் நிக்கலில் பெரும்பகுதி இன்றும் எவர்சில்வர் எஃகுக்குத்தான் போகிறது. நிக்கலே இல்லாத பேட்டரிகளும் நிறைய வந்துவிட்டன. அதனால் பேட்டரியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஓர் உலக வரைபடத்தை எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து உட்காருங்கள். நிக்கல் எங்கே, எந்தப் பாறையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவனுடைய படிப்பும் வாழ்க்கையும் அமையும்.

முதலில் வடக்கே பாருங்கள். கனடாவின் சட்பரியில் 1883-ல் ரயில் பாதை போடும்போது இந்தத் தாது கண்ணில் பட்டது. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதியதில் உருகிய பாறையில், கந்தகம் நிக்கலையும் செம்பையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் தங்கிவிட்டது. இதைத்தான் சல்பைடு தாது என்கிறோம். ரஷ்யாவில் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் நோரில்ஸ்க், கனடாவின் லாப்ரடார் பகுதியில் 1993-ல் கண்டுபிடித்த வாய்சிஸ் பே, சீனாவின் ஜின்சுவான், மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டா எல்லாம் இதே வகை. உருவான விதம் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

சல்பைடு தாது பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும். சட்பரியில் 2 கிலோமீட்டருக்கும் கீழே சுரங்கம் போகிறது. இந்தத் தாது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், விமானத்தில் பறந்தபடியே மின்காந்த அலைகளை அனுப்பித் தேடுகிறார்கள். இங்கே வேலை செய்ய நிலவியல், புவி இயற்பியல், சுரங்கப் பொறியியல் வேண்டும். இவற்றில் பல ஊர்கள் கடும் குளிர் பிரதேசங்கள். மேற்கு ஆஸ்திரேலியா மாதிரி இடங்களில் சில வாரம் சுரங்க முகாமில் வேலை, பிறகு வீட்டில் ஓய்வு என்று முறை வைத்துப் போகிறவர்கள் உண்டு. இது குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். இதைச் சொல்லாமல் சம்பளத்தை மட்டும் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அப்புறம் நிலநடுக்கோட்டுப் பக்கம் வாருங்கள். இந்தோனேசியாவின் சுலவேசி, ஹல்மஹேரா தீவுகள், பிலிப்பைன்ஸின் சூரிகாவ், பலவான், கியூபாவின் மோவா, பசிபிக் கடலில் நியூ கலிடோனியா. இங்கெல்லாம் நிக்கல் உள்ள பாறை வெகுகாலம் மழையிலும் வெயிலிலும் மக்கிச் செம்மண்ணாகி, அதில் நிக்கல் செறிந்து நிற்கிறது. இது லேட்டரைட். தோண்டுவது அவ்வளவு கஷ்டமில்லை, தாது மேலாகவே கிடக்கும். பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு வகை மண்ணை மின் உலையில் உருக்குகிறார்கள். இன்னொரு வகையை அழுத்தக் கலனில் சுமார் 250 டிகிரி சூட்டில் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். எஞ்சும் கழிவுச் சேற்றைக் கனமழை பெய்யும் தீவில் பத்திரமாக வைத்துக் காப்பது இன்னும் பெரிய சவால். காடும் கடலும் மீனவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எனவே உலோகவியல், வேதிப் பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர்களுக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது.

இந்தோனேசியா 2020-ல் கச்சா நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. உருக்காலைகள், பெரும்பாலும் சீன முதலீட்டில், அந்த நாட்டிலேயே வரிசையாக எழுந்தன. இன்று உலகின் சுரங்க நிக்கலில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அப்படி வந்து குவிந்த நிக்கலால் விலை சரிந்து, 2024-ல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூ கலிடோனியாவிலும் பெரிய சுரங்கங்கள் வேலையை நிறுத்தின. நீங்கள் பயப்படுவது கற்பனை இல்லை, நடந்த விஷயம்தான்.

சரி, என்ன செய்யலாம்? 'நிக்கல்' என்று பெயர் போட்ட குறுகிய படிப்பு எதிலும் சேர்க்காதீர்கள். அடிப்படைப் பட்டத்தை அகலமாக எடுக்கட்டும். மின்காந்த ஆய்வு தெரிந்தவன் நாளைக்குச் செம்பு தேடலாம். அழுத்தக் கலனில் கரைக்கத் தெரிந்தவனைத் துத்தநாகம், தங்கம் பிரிக்கும் ஆலைகளும் கூப்பிடும். கூடவே ஒரு மொழி கற்றுக்கொண்டால் நல்லது. சுலவேசி என்றால் இந்தோனேசிய மொழி, முடிந்தால் சீனமும். நியூ கலிடோனியா என்றால் பிரெஞ்சு.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தேடுவது அவனுக்குப் பிடிக்குமா, கையில் இருக்கும் மண்ணிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது பிடிக்குமா என்று கேளுங்கள். பதிலை அவன் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பட்டம், எந்தப் பாடப்பிரிவு என்பதை அதை வைத்துப் பேசுவோம்.