மகள் தூய கணிதம் கேட்கிறாள்: சம்மதிக்கலாமா?

வணக்கம் அம்மா. படிவம் ஆறில் இருக்கும் மகள் ‘முடிவிலிப் பரிமாண இயற்கணிதங்களின் வளர்ச்சி’ பற்றி எதையோ வாசித்துவிட்டு, தூய கணிதம்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். முதலில் அவளுக்கு அது பிடிபடுகிறதா என்று பார்ப்போம். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

க, ச என்னும் இரண்டே எழுத்துகளால் சொல் அமைக்கட்டும். ‘சச’ மட்டும் வரக்கூடாது. ஓரெழுத்தில் 2 சொல், ஈரெழுத்தில் 3, பிறகு 5, 8. நீளம் கூடினால் கையால் எண்ணி மாளாது. அதற்குத்தான் அணி (matrix, எண்களின் கட்டம்): ஓர் எழுத்தை அடுத்து இன்னொன்று வரலாமென்றால் 1, கூடாதென்றால் 0. முதல் வரிசை 1, 1; இரண்டாவது 1, 0. அணியின் அடுக்கை எடுத்து (அதாவது அதை அதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி), உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டினால் விடை. ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 4ஆம் அடுக்கு. 5ஆம் அடுக்கை எடுத்தால் 13க்குப் பதில் 21 வந்து நிற்கும். பெரிய ஐகன் மதிப்பு (eigenvalue, அடுக்குகள் எந்த வேகத்தில் வளரும் என்று காட்டும் எண்) 1.618 என்பதால் எண்ணிக்கை அடுக்குமுறையில் பெருகுகிறது.

இனி ‘சக’வை மட்டும் தடுக்கட்டும்: 2, 3, 4, 5. ‘கச’, ‘சக’ இரண்டையும் தடுத்தால் எப்போதும் 2. இரண்டு அணிகளுக்கும் ஐகன் மதிப்பு 1தான், ஆனால் வளர்ச்சி வேறு. முதல் அணியில் மூலைவிட்டத்துக்கு மேலே நிற்கும் ஒற்றை 1தான் காரணம். சொற்களை ஒட்டுவதையே பெருக்கலாகவும், தடுத்த சேர்க்கை வந்தால் 0 என்றும் கொண்டால் ஒவ்வொன்றும் ஓர் இயற்கணிதம் ஆகிறது; மகள் வாசித்த ‘வளர்ச்சி’ இந்தச் சொற்கள் பெருகும் வேகம்தான். அதை அளக்கக் கணிதர்கள் கெல்ஃபாண்டும் கிரில்லோவும் 1966இல் கொண்டுவந்த பரிமாணப்படி முதலாவது 2, அடுத்தது 1. இரண்டுக்கும் இடைப்பட்ட பரிமாணம் எந்த இயற்கணிதத்துக்கும் கிடையாது என்று கணிதர் பெர்க்மன் நிறுவியிருக்கிறார். “ஏன் கிடையாது?” என்று அவள் நச்சரித்தால் தாராளமாக அனுப்புங்கள். “இது பரீட்சையில் வருமா?” என்று கேட்டால் புள்ளியியலோ காப்பீட்டுக் கணிதமோ பொருந்தும். அதில் குறைவொன்றுமில்லை.

படிவம் ஆறின் எஸ்டிபிஎம் தேர்வுக்கான மேத்ஸ் டி (Mathematics T) பாடத்தில் அணி முதல் பருவத்திலேயே வருகிறது. ஐகன் மதிப்பைப் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பாள். அதனால் மேலே சொன்னதில் திணறினால் கவலை வேண்டாம்.

இப்போது வேலை. இயற்கணித ஆய்வாளர் ஆக முனைவர் பட்டம் வேண்டும். இளங்கலையோடு அந்தப் பதவி இல்லை. ஆனால் அந்த 1.618 அணி வெறும் காகிதக் கணக்கு அல்ல. அடுத்தடுத்து இரண்டு 1 வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தரவைப் பதியும்போது, ஒரு பிட் இடத்தில் ஏறக்குறைய 0.694 பிட் தகவல்தான் அடங்கும் என்று சொல்வதும் அதே அணிதான். இவ்வகைக் கணக்குக்குத் தகவல் கோட்பாட்டின் தந்தை ஷன்னன் 1948இலேயே வழி காட்டினார். பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிலுக்கு நடுவில் வாழும் உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. முதலாண்டிலிருந்தே பைத்தான், கூடவே ஒரு புள்ளியியல் பாடம்; இந்த இரண்டும் இல்லாத தூய கணிதப் பட்டம்தான் நேர்காணலில் தடுமாறும்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தையும் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தையும் வரிசைப்படுத்துமுன், அருவ இயற்கணிதம் கட்டாயப் பாடமா, அதற்கு மேற்பட்ட இயற்கணித விருப்பப்பாடம் ஆண்டுதோறும் உண்மையில் நடத்தப்படுகிறதா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். கையேட்டில் இருப்பதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.